கரைப்பான் போய்விடும், போட்டது தங்கும்: மும்பை மழைக்காலத்தில் பியானோவுக்கு மசகிடுவது எப்படி?

மும்பையில் பருவமழை தொடங்கும் நாள் என்று வானிலைத் துறை குறித்து வைத்திருப்பது ஜூன் 11. அதிலிருந்து மூன்று வாரம் போனால், பியானோ பழுதுபார்ப்பவனான என் தொலைபேசி ஓயாது. மாட்டுங்காவிலிருந்து, செம்பூரிலிருந்து, முலுண்டிலிருந்து வரும் அழைப்புகளில் எல்லாம் ஒரே குறைதான்: கட்டையை அழுத்தினால் கீழே போகிறது, மேலே வரமாட்டேன் என்கிறது. குழந்தைக்குத் தேர்வு நெருங்குகிறது என்ற கவலையும் கூடவே வரும். அடுத்த வாக்கியம் பெரும்பாலும் இதுதான்: “வீட்டில் ஒரு ஸ்பிரே இருக்கிறது, அடித்துப் பார்க்கலாமா?”

வேண்டாம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் தெரியாமல் கேட்ட ‘வேண்டாம்’ அடுத்த மழைக்கு மறந்துவிடும். அதனால்தான் இந்த விளக்கம்.

பியானோவின் 88 கட்டைகளுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மரத்தாலான நெம்புகோல் கூட்டம் ஒன்று இருக்கிறது. தொழிலில் அதை ஆக்‌ஷன் என்போம். கட்டையை அழுத்தினால் ஒரு நெம்புகோல் எழுந்து இன்னொன்றைத் தள்ளும், அது சுத்தியலை இசைக்கம்பியின் மேல் எறியும். சுவரோரம் நிற்கும் அப்ரைட் பியானோவில் ஒரு கட்டைக்குச் சுத்தியல், விப்பன் என்ற இடை நெம்புகோல், சுத்தியலைத் தள்ளும் ஜாக், ஒலியை அடக்கும் டேம்பர் என்று நான்கு மூட்டுகள். உச்சஸ்தாயிக் கட்டைகளுக்கு டேம்பர் கிடையாது. அவற்றைக் கழித்தாலும் 300க்கு மேற்பட்ட மூட்டுகள் தேறும். ஒவ்வொரு மூட்டிலும் சென்டர் பின் என்ற சின்ன உலோகக் கம்பி ஒன்று உண்டு. குண்டூசியைவிடத் தடித்தது, விட்டம் சுமார் 1.27 மில்லிமீட்டர். மரத்தில் துளையிட்டு, துளைக்குள் கம்பளித் துணி ஒட்டி, அந்தத் துணிக்குள் இந்தக் கம்பி சுழலும்படி அமைத்திருப்பார்கள். அந்தத் துணிதான் புஷிங்.

துணியின் பிடி எவ்வளவு நுண்ணியது என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். சென்டர் பின்கள் பல பருமன்களில் கிடைக்கின்றன. ஓர் அளவுக்கும் அடுத்த அரை அளவுக்கும் இடையே உள்ள வேறுபாடு 0.025 மில்லிமீட்டர். தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. அந்த அளவு இறுகினால் சுத்தியல் சோம்பும், தளர்ந்தால் ஆடி ஒலியெழுப்பும்.

இந்த இடத்தில்தான் மும்பையின் ஜூலை மாதம் நுழைகிறது. வெளியே காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நாள் கணக்கில் அங்கேயே நிற்கிறது. பியானோவுக்கு உகந்தது 40க்கும் 50க்கும் இடையில். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நீரை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாத பொருள். மரமும் அப்படியே குடிக்கிறது. 45 விழுக்காட்டு ஈரக்காற்றில் தன் எடையில் 8 விழுக்காடு நீர் வைத்திருக்கும் மரம், 85 விழுக்காட்டில் ஏறத்தாழ இருமடங்கு வைத்துக்கொள்கிறது. துணி உப்புகிறது, கம்பியை இறுக்குகிறது. கட்டைகளின் அடியில் இருக்கும் துணிகளுக்கும் இதே கதி.

மிருதங்கம் வாசிப்பவர் இருக்கும் வீட்டில் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள். ஆடி மாதத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும்போது அவர்கள் கல்லையும் கட்டையையும் எடுத்துத் தட்டிச் சேர்க்கிறார்களே தவிர, தோலில் எண்ணெய் தடவுவதில்லை. பியானோ என்றால் மட்டும் ஏனோ அதை வாத்தியமாக நினைக்க மறந்து, தையல் இயந்திரத்தைப் போலவோ கிரீச்சிடும் கதவைப் போலவோ பார்த்துவிடுகிறோம்.

கரைப்பான் ஏன் தேவைப்படுகிறது?

மசகுப் பொருள் என்பது உராய்வைக் குறைக்கும் எண்ணெயோ பொடியோ மெழுகோ. சென்டர் பின்னுக்குத் தேவைப்படும் மசகு மிக மிகக் கொஞ்சம். அதையும் கம்பிக்கும் துணிக்கும் நடுவே, காற்று நுழையவே இடமில்லாத இடுக்கில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கெட்டியான எண்ணெய் அங்கே நுழையாது, வெளியே மணியாக நிற்கும். அதனால் மசகை ஆவியாகக்கூடிய ஒரு திரவத்தில் கரைக்கிறார்கள். ஹெப்டேன், நாப்தா, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போன்றவை அத்தகைய கரைப்பான்கள். நீரைவிட எளிதாகப் பரவி, துணியின் இழைகளுக்குள் ஊறி, கம்பிவரை போய்ச் சேரும். பிறகு கரைப்பான் காற்றோடு போய்விடும். கொண்டுவந்தது மட்டும் மெல்லிய படலமாக இழைகளில் தங்கும்.

இந்த வரியை நினைவில் வைத்துக்கொண்டாலே பாதி விபத்துகள் நேராது. கரைப்பான் வெறும் சுமைதூக்கி. இறக்கிவைத்த சுமைதான் அடுத்த இருபது ஆண்டுகள் பியானோவுக்குள் கிடக்கப்போகிறது. ஆகவே எந்தத் திரவத்தைப் பார்த்தாலும் முதல் கேள்வி இது: இது உலர்ந்த பின் எதை விட்டுச்செல்லும்?

அந்தக் கேள்வியோடு வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். துருவை இளக்கும் ஸ்பிரே கனிம எண்ணெயை விட்டுச்செல்லும். எண்ணெய் தூசியைப் பிடிக்கும், ஊர்ந்து பரவும். சுருதி ஆணிகள் இறுகியிருக்கும் மரப்பலகையை அது எட்டிவிட்டால் ஆணிகள் வழுக்கத் தொடங்கும், பியானோ சுருதியில் நிற்காது. சுமார் 230 இசைக்கம்பிகளின் பல டன் இழுவிசையை அந்த ஆணிகள்தாம் தாங்குகின்றன. அதற்குப் பிறகு ஒட்டுவேலை எதுவும் பலிக்காது, பலகையையே மாற்ற வேண்டியிருக்கும். கடையில் விற்கும் சிலிகோன் ஸ்பிரேயில் வேறு தொல்லை. துளிகள் காற்றில் மிதந்து உறையின் பளபளப்புமேல் படிந்தால், பின்னாளில் மறுபடி பாலிஷ் போடும்போது அந்த இடங்களில் பூச்சு ஒட்டாமல் குழி குழியாக விலகும். கைகழுவும் சானிடைசரும் ஆல்கஹால்தானே என்று 2020க்குப் பிறகு பலர் கேட்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவையிலேயே 1.45 விழுக்காடு கிளிசரால் உண்டு. கிளிசரால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பிசுபிசுப்பான பொருள். உப்பிய துணிக்குள் அதை ஊற்றுவது நாமே மழையை உள்ளே அழைப்பதாகும்.

தேங்காய் எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் கீலுக்கும் பூட்டுக்கும் முதலில் எட்டும் எண்ணெய் அதுதான். சுமார் 24 டிகிரி செல்சியஸில் அது உறையும். மும்பையின் ஜனவரி இரவுகள் அதற்குக் கீழே இறங்குகின்றன. ஜூலையில் வழுக்கிய மூட்டு ஜனவரியில் மெழுகாகக் கெட்டிப்படும். அதைவிடப் பெரிய கேடு மெதுவாக வருவது. எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலம் பித்தளைக் கம்பியின் செம்போடு சேர்ந்து பச்சைப் பசையாகும். அதை விளக்க நான் தேடிப் போக வேண்டியதில்லை, தமிழில் சொல் தயாராக இருக்கிறது: களிம்பு. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் என்ன ஆகும் என்று நம் பாட்டிமார் எச்சரித்தார்களே, அதுவேதான். சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிய மலத்துக்குச் ‘செம்பில் களிம்பு’ என்று உவமை சொல்கிறது. செம்போடு அது எவ்வளவு உள்ளார்ந்து ஒட்டுகிறது என்று கண்டவர்கள் சொன்ன உவமை அது. நூறாண்டு பழைய சில பியானோக்களில், தொழிற்சாலையிலேயே துணியில் ஊறவைத்த கொழுப்பும் மெழுகும் இப்படிக் களிம்பாகி, மூட்டுகள் அசையாமல் இறுகியதை மேலைநாட்டுப் பழுதுபார்ப்பவர்களும் பார்த்திருக்கிறார்கள். அதைக் கரைப்பான் கொண்டு இளக்கினால் சில வாரம் நகரும், மறுபடி ஒட்டும். கம்பி, துணி இரண்டையும் மாற்றுவதே தீர்வு. சில சமயம் களிம்பு ஊறிய மரத்துண்டையும் சேர்த்து மாற்ற நேரும்.

துணியே வேண்டாம் என்று முயன்றவர்களும் உண்டு. பியானோ செய்யும் ஸ்டைன்வே நிறுவனம் 1962இல் கம்பளிக்குப் பதிலாக டெஃப்லான் புஷிங்குகளைக் கொண்டுவந்தது. டெஃப்லானுக்கு ஈரமும் தெரியாது, மசகும் வேண்டாம். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் மரத்துக்கு ஈரம் தெரியும். பருவத்துக்குப் பருவம் மரம் விரிந்து சுருங்க, கூடவே விரியாத டெஃப்லான் தளர்ந்து ‘டிக், டிக்’ என்று ஒலித்தது. 1980களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் கம்பளித் துணிக்கே திரும்பிவிட்டது. கம்பளியின் பலவீனம் என்று நாம் நினைக்கும் நெகிழ்ச்சியே அதன் பலம். அதைப் பிசினில் ஊறவைத்து விறைக்கச் செய்வது எவ்வளவு தவறு என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று தெரியாது.

புட்டிக்குள் நடப்பது

சரியான திரவத்தையே வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பியானோ மூட்டுகளுக்கென்றே செய்தது. அது எத்தனை நாள் சரியான திரவமாக இருக்கும் என்பது மூடியைப் பொறுத்தது.

ஒரு கணக்குக்காக, 100 மில்லிலிட்டரில் 5 பங்கு மசகு, 95 பங்கு கரைப்பான் என்று கொள்வோம். மூடி சரியாக இறுகவில்லை. ஆறு மாதத்தில் 30 மில்லிலிட்டர் கரைப்பான் ஆவியாகிவிட்டது. மசகு அப்படியே 5. இப்போது அது 70இல் 5, அதாவது 7 விழுக்காட்டுக்கு மேல். புட்டியின் வெளியே ஒட்டிய சீட்டு பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துளியும் முன்னைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எச்சத்தை விட்டுச்செல்லும். போன ஆண்டு நன்றாக வேலை செய்த மருந்து இந்த ஆண்டு பிசுபிசுக்கிறதே என்று வியப்பவர்களின் புட்டியைப் பார்த்தால், திரவத்தின் மட்டம் தானாகவே இறங்கியிருக்கும். அதனால் நான் புட்டியைத் திறந்த தேதியை எழுதி ஒட்டுகிறேன். ஒவ்வொரு முறை மூடும்போதும் மட்டத்தில் ஒரு கோடு கிழிக்கிறேன். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அதை உள்ளே ஊற்றமாட்டேன்.

ஆல்கஹால் வகைக் கரைப்பானில் நேரெதிரான ஆபத்தும் உண்டு. அது காற்றிலிருந்து நீரை இழுக்கும். மழை நாளில் திறந்து வைத்து வேலை செய்தால் தூய ஆல்கஹால் என்று வாங்கியது கொஞ்சம் கொஞ்சமாக நீர் கலந்ததாகிறது. டெஃப்லான் பொடி மிதக்கும் வகையிலோ பொடி அடியில் படிந்துவிடும். குலுக்காமல் எடுத்தால் வெறும் கரைப்பான்தான் வரும், கடைசிச் சொட்டுகளில் மொத்தமும் சேறாக வரும்.

நாப்தா, ஹெப்டேன் வகைகளைக் கண்ணாடி அல்லது உலோகப் புட்டியில் வைப்பது நல்லது. சொட்டுக்குழாயின் ரப்பர் குமிழ் அவற்றில் ஊறி உப்பி, தன் அழுக்கைத் திரவத்திலேயே கரைக்கும். குடிநீர் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஒருபோதும் மாற்றாதீர்கள். நிறமற்ற திரவம், தாகத்தோடு வரும் குழந்தை. இதற்குமேல் விளக்க எனக்கு மனமில்லை.

அடுத்தது நெருப்பு. ஒரு திரவம் எந்த வெப்பநிலையில் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடத் தொடங்குகிறதோ அதைத் தீப்பற்று நிலை என்கிறார்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு அது சுமார் 12 டிகிரி. ஹெப்டேனுக்குச் சுழியத்துக்கும் கீழே, மைனஸ் 4. மண்ணெண்ணெய்க்கு 38க்கு மேல், அதனால்தான் தீக்குச்சியைக் கண்டதும் அது குப்பென்று பற்றுவதில்லை. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் 23 டிகிரிக்குக் கீழே பற்றும் பெட்ரோலியப் பொருள்களை ‘ஏ’ வகுப்பில் வைத்தது இந்த வேறுபாட்டுக்காகத்தான். குளிர்நாட்டுப் பட்டறையில் ஜனவரியில் ஆல்கஹால் சற்று அடங்கியிருக்கலாம். மும்பையில் அதற்கு அடங்கும் மாதமே இல்லை. புட்டியைத் திறந்தால், எந்த மாதமானாலும், பற்றக்கூடிய ஆவி வெளியே வருகிறது.

அந்த ஆவி மேலே போவதும் இல்லை. ஹெப்டேன் ஆவி காற்றைவிட மூன்றரை மடங்கு கனமானது. தண்ணீரைப் போலத் தரையில் ஊர்ந்து பள்ளத்தைத் தேடும். நம் வீடுகளில் தரையில் இருப்பது என்ன? பூஜை மாடத்தில் குத்துவிளக்கு. மாட்டுங்கா வீடொன்றில் கூடமும் பூஜையறையும் ஒரே அறையாக இருந்தது. மாலை ஐந்தரைக்கு நான் புட்டியை எடுக்கும்போது வீட்டு மாமி அப்போதுதான் விளக்கேற்றியிருந்தார். “மாமி, விளக்கை ஒரு மணி நேரம் குளிர வைத்துவிடுங்கள். நான் முடித்து ஜன்னல்களைத் திறந்து வைத்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம்” என்றேன். அவருக்கு மனம் ஒப்பவில்லை. “வெள்ளிக்கிழமை தம்பி, ஏற்றிய விளக்கை எப்படி…” என்று தயங்கினார். நான் புட்டியைப் பைக்குள் வைத்துவிட்டு மறுநாள் காலை வந்தேன். அவர் தயங்கியதில் தவறில்லை. நேரம் கேட்டுக்கொண்டு போயிருக்க வேண்டியவன் நான்தான்.

விளக்கைவிடக் கண்ணில் படாத நெருப்பு ஒன்று பியானோவுக்குள்ளேயே இருக்கிறது. ஈரத்தைப் போக்க அடிப்பாகத்தில் ஒரு மின்விளக்கையோ வெப்பக்கோலையோ எரியவிடுவது இந்தக் கடலோர நகரத்தில் நெடுநாள் வழக்கம். நல்ல வழக்கமும்கூட. ஆனால் கரைப்பான் வேலையின்போது அது கனமான ஆவி போய்த் தேங்கும் அதே அடிப்பெட்டியில், சூடாக உட்கார்ந்திருக்கிறது. முழு ஆக்‌ஷனுக்கும் தேவைப்படும் 7 மில்லிலிட்டர் ஹெப்டேன் ஆவியானால் 100 லிட்டருக்கு மேற்பட்ட காற்றை எரியத்தக்கதாக்கும். ஸ்விட்சை அணைத்தால் போதாது, செருகியையே உருவி, சூடு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். முன்பலகை, கீழ்ப்பலகை இரண்டையும் கழற்றிவிட வேண்டும். மறுபடி இணைப்பது மறுநாள்தான்.

ஸ்பிரே டப்பாவில் மசகும் கரைப்பானும் மட்டுமல்ல, அவற்றை வெளியே தள்ளப் பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும் இருக்கின்றன. அடுப்பெரிக்கும் அதே வாயு. டப்பாவை 50 டிகிரிக்கு மேல் சூடாக விடக்கூடாது என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். மே மாத வெயிலில் சாத்திய கார் அந்த அளவைத் தாண்டக்கூடியது. கம்பிக்கூண்டு வைத்த ஜன்னல் திட்டு மும்பை வீடுகளின் சேமிப்பறை. அங்கே நேர்வெயில் படும். குளிர்சாதனப் பெட்டி பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. சாதாரணக் குளிர்சாதனப் பெட்டிக்குள் விளக்கு ஸ்விட்சும் வெப்பநிலைக் கட்டுப்பாடும் பொறி விடக்கூடியவை, அதுவும் மூடிய பெட்டிக்குள். இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டு, சமையலறைக்கு எதிர்ப்புறம், பூட்டோடு. அதுவே போதும். முதலில் சிறிய புட்டியாக வாங்குங்கள். பிரின்சஸ் தெரு ரசாயனக் கடையில் ஒரு லிட்டர் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கினால், வேண்டியது 7 மில்லிலிட்டர், மிச்சம் ஆண்டுக்கணக்கில் வீட்டிலிருக்கும் நெருப்பு.

உள்ளூர் ரயிலில் கொண்டுவராதீர்கள். எளிதில் தீப்பற்றும் பொருள்களோடு பயணம் செய்வதை 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. மாலை ஆறு மணி கூட்டத்தில் ஒரு பையிலிருந்து கசிந்தால் என்னவாகும் என்று எண்ணிப்பார்த்தால், சட்டம் இல்லாவிட்டாலும் கொண்டுபோகத் தோன்றாது. நான் 30 மில்லிலிட்டர் புட்டியைத் தகர டப்பாவில் வைத்து ஸ்கூட்டரில் கொண்டுபோகிறேன். வண்டி வெயிலில் நிற்கும்போது டப்பா இருக்கைக்கடியில் இராது, என் பையோடு வந்துவிடும்.

துளி

முதல் வேலை துளி அல்ல. அறையை மூடி, ஈரம் நீக்கும் கருவியையோ குளிர்பதனத்தையோ ஓடவிட்டு, ஈரமானியை 55க்குக் கீழே கொண்டுவந்து ஒரு வாரம் பத்து நாள் வைத்திருப்பது. இரண்டாவது, குற்றவாளி யார் என்று கண்டுபிடிப்பது. கட்டையின் முன்முனையை விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தால், அது கட்டையடித் துணியின் இறுக்கமா, மேலே மூட்டின் இறுக்கமா என்று தெரிந்துவிடும். கட்டையடித் துணி இறுகியிருந்தால் அதற்கென்று இடுக்கி உண்டு, கரைப்பானுக்கு அங்கே வேலையில்லை. சுத்தியல் மூட்டு என்றால் கழற்றிப் பிடித்து ஆடவிட்டுப் பார்ப்போம். ஊஞ்சல்போல ஐந்தாறு முறை ஆடி நின்றால் நலம். ஓரிரு ஆட்டத்தில் நின்றால் இறுக்கம்.

நீரும் ஆல்கஹாலும் கலந்து துணியை நனைத்து உலரவிடும் பழைய முறையும் இருக்கிறது. நனைந்த துணி கம்பியை நோக்கி உப்பி நசுங்கும், உலரும்போது நசுங்கிய அளவுக்கே சுருங்கி இடம்விடும். அழகான முறை. ஆனால் அதன் உயிர் ‘உலரும்போது’ என்ற சொல்லில் இருக்கிறது. ஜூலையில் ஜன்னலைத் திறந்து வைத்த மும்பை வீட்டில் அது உலராது. துணியைப் பிடித்திருக்கும் வஜ்ஜிரப் பசை இளகுவதும் கம்பியில் களிம்பு ஏறுவதும்தான் மிஞ்சும்.

மசகுத் திரவம்தான் தேவை என்று தெளிந்த பிறகு ஊசிமுனைக் குழலை எடுக்கலாம். சாதாரணச் சொட்டுக்குழாயின் ஒரு துளி 0.05 மில்லிலிட்டர். ஊசிமுனையில் அதை ஐந்தில் ஒன்றாக்கலாம். மூட்டின் இரு பக்கமும், கம்பி துணிக்குள் நுழையும் இடத்தில், ஒவ்வொரு துளி. துணி அதைக் குடிப்பது கண்ணுக்குத் தெரியும். கீழே வழிந்தால் அதிகம். பத்துப் பன்னிரண்டு மூட்டு முடித்ததும் ஒவ்வொரு சுத்தியலையும் கையால் இருபது முப்பது முறை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். சுத்தியலின் கம்பளி, டேம்பர் கம்பளி, இசைக்கம்பிகள், சுருதி ஆணிகள் ஆகியவற்றை மறந்தும் தொடக்கூடாது. தாழ்ஸ்தாயிக் கம்பிகளின் மேல் செம்புக்கம்பி சுற்றியிருக்கும். அந்தச் சுற்றுக்குள் மசகு புகுந்தால் ஒலி மங்கி மரத்துப்போகும். பழைய பியானோவின் உறை அரக்கு பாலிஷ் என்றால் ஆல்கஹால் ஒரு சொட்டு விழுந்தாலும் வெண்தழும்பு. தின்னரும் அசிட்டோனும் பிளாஸ்டிக் கட்டைகளின் மேற்பரப்பை இளக்கிவிடும், ஆகவே அவை அறைக்குள்ளேயே வரவேண்டாம். பெடல் கிரீச்சிட்டால் அது வேறு வைத்தியம், கெட்டி மசகோ பொடியோ போதும்.

மாமி வீட்டுப் பியானோவில் முதல் நாள் நான் குறித்துக்கொண்டவை 11 சுரங்கள். சனிக்கிழமை காலையும் புட்டியைத் திறக்கவில்லை. ஈரம் நீக்கும் கருவியை வைத்துவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்துப் போனபோது எட்டு சுரங்கள் தாமாகவே விடுபட்டிருந்தன. மிஞ்சிய மூன்றில் ஒன்றில் களிம்பு, கம்பியையும் துணியையும் மாற்றினேன். மற்ற இரண்டு சுத்தியல்களுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு துளி. துடைத்த துணியை மாடியில் காற்றில் விரித்துப் போட்டு, புட்டியில் மட்டக்கோடு கிழித்துக்கொண்டிருந்தபோது, மாமி ஜன்னல்கள் திறந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். விளக்கை மாலையில்தான் ஏற்றினார்.